புல்டோஸ் என்றால் மிரட்டுவதா, இடிப்பதா?

கேள்வி:
அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் 'ஹி புல்டோஸ்டு அஸ் இன்டு அக்ரீயிங்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இயந்திரத்தை வைத்து எதையும் இடிக்கவில்லை, சும்மா ஒரு மீட்டிங்தான் நடந்தது. 'டோஸ்' என்றால் கண்ணயர்வது என்றுதான் எனக்குத் தெரியும், காளை ஏன் கண்ணயர வேண்டும்? இதை மிரட்டினார் என்று எடுத்துக்கொள்ளலாமா? புல்லி, இன்டிமிடேட் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

பதில் 1:
எடுத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவரைப் பேசவே விடாமல் உருட்டி மிரட்டிச் சம்மதிக்க வைத்தார் என்று அர்த்தம்.

பதில் 2:
இடிக்கும் இயந்திரத்திலிருந்து இந்த அர்த்தம் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மிரட்டல்தான் மூத்தது. 1876 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஹேஸும் ஜனநாயகக் கட்சியின் டில்டனும் மோதினார்கள். அடிமைமுறை ஒழிந்து, 1870இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையும் வந்துவிட்டிருந்த காலம். லூசியானா போன்ற தென்மாநிலங்களில் அவர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துவிடக் கூடாது என்று வெள்ளையர் கும்பல்கள் வீடு தேடிப் போய்ச் சாட்டையால் அடித்தன. அந்த அடிக்குத்தான் 'புல்டோஸ்' என்று பெயர். காளைக்குக் கொடுக்கும் அளவு டோஸ் என்பதிலிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம், ஆகவே தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாமும் 'மேனேஜர் செம டோஸ் விட்டார்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த டோஸ்தான். அப்புறம் அடித்து மிரட்டும் ஆளையே புல்டோசர் என்றார்கள், பெரிய கைத்துப்பாக்கிக்குக்கூட அந்தப் பெயர் இருந்தது. மண் தள்ளும் டிராக்டருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 1930 வாக்கில்தான்.

இன்றைக்கு இதில் சாட்டையும் இல்லை, ரத்தமும் இல்லை. எதிர்ப்பைக் காதில் வாங்காமல் தள்ளிக்கொண்டு போவது மட்டும் மிச்சம்.

கேட்டவர்:
அடேங்கப்பா, இதை எதிர்பார்க்கவில்லை. சரி, மற்ற சொற்களோடு எங்கே வேறுபடுகிறது?

பதில் 3:
புல்லி என்றால் எளியவனைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சீண்டுவது, ஒரே ஒரு மீட்டிங்கில் நடந்ததற்கு அது பெரிய சொல். ப்ரௌபீட் முழுக்க வாயால் செய்வது, முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு ஆள் சோர்ந்துபோகும்வரை அதட்டிக்கொண்டே இருப்பது. இன்டிமிடேட்டில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 'ஐ ஃபைண்ட் ஹர் இன்டிமிடேட்டிங்' என்றால் அந்தப் பெண் மிரட்டினார் என்று குற்றம் சொல்வதில்லை, அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே இவருக்கு உதறல், அவ்வளவுதான். புல்டோஸில் அந்தச் சலுகை கிடையாது, செய்தவர் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

இலக்கணம் நாலுக்கும் ஒன்றுதான்: ஆள், பிறகு 'இன்டு', பிறகு 'இங்' வடிவம். 'இன்டு அக்ரீ' என்று எழுதிவிடாதீர்கள். ஆளுக்குப் பதில் தீர்மானம், மசோதா என்று வந்தால் 'புல்டோஸ் த்ரூ', அதாவது விவாதமே இல்லாமல் அடாவடியாக நிறைவேற்றுவது.

பதில் 1:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நீங்களே புகார் எழுதுவதாக இருந்தால் இந்தச் சொல்லை நம்பாதீர்கள். 'புல்டோஸ் செய்தார்' என்றால் அவர் 'இல்லையே, உறுதியாகப் பேசினேன்' என்பார். இரண்டு முறை கை தூக்கியும் பேசவிடவில்லை, கையெழுத்துப் போடாமல் வெளியே போக முடியாது என்றார், இப்படி நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.