வேலையை விட்டு நின்ன பிறகு கடைசிச் சம்பளம்: எனக்கு நடந்தது

திருப்பூர்ல பனியன் கம்பெனியில பதினோரு வருஷம் டெய்லரா இருந்தேனுங்க. பீஸ் ரேட், சனிக்கிழமை சாயங்காலம் கையில காசு. ஆனா ரெண்டு வாரக் கூலியை எப்பவும் பிடிச்சு வெச்சிருப்பாங்க.

2018-ல மாமியாருக்குப் பக்கவாதம் வந்து திடீர்னு நிக்க வேண்டியதாப் போச்சு. கணக்கு முடிக்கப் போனா, "சொல்லாம நின்னுட்டீங்க, பாக்கியெல்லாம் கிடையாது"ன்னுட்டார் மேனேஜர். 5,240 ரூபாய். மூணு சனிக்கிழமை கேட்டுல நின்னேன். கூட தைச்சவங்க டீ டைம்ல வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுட்டுப் போனாங்க. பணத்தை விட அதுதான் வலிச்சது.

பக்கத்து வீட்டு அண்ணன் தொழிலாளர் துறை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனார். என்கிட்ட இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும். தேதி, ஸ்டைல் நம்பர், எத்தனை டஜன், ஓரத்துல சூப்பர்வைசர் கையெழுத்து. ஆபீசர் ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பார்த்தார். 1936-ஆம் வருஷச் சம்பளச் சட்டப்படி, கம்பெனியே அனுப்பினாத்தான் ரெண்டாவது வேலை நாளுக்குள்ள கணக்குத் தீர்க்கணுமாம். தானா நின்னவங்களைப் பத்தி அந்தப் பிரிவுல இல்லை. ஆனா செஞ்ச வேலைக்கான கூலியை வழக்கமான கெடு தாண்டி வெச்சுக்கவும் முடியாதுன்னார். ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்துல அந்தக் கெடு ஏழு நாள். அவர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார், அந்த வாரமே பணம் வந்துடுச்சு.

இப்போ அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். 2019-ல நிறைவேறின ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்துடுச்சு. நாமளா ராஜினாமா பண்ணாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கிச் சம்பளம் முழுசும் தந்தாகணும். வேலையில இருக்கும்போது வாரக் கூலின்னா, வார லீவுக்கு முன்னாடியே தரணும். புகார் கொடுக்க முன்ன ஒரு வருஷம்தான், இப்போ மூணு வருஷம். நிக்கும்போது வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, அதைப் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

---

அக்கா, உங்க பதிவைப் படிச்சேன். எனக்குக் கோவையில லேத் பட்டறையில வேலை. 2016-ல நின்னப்ப, "கையில கொடுத்துட்டேனே"ன்னு ஓனர் சாதிச்சார். என்கிட்ட துண்டுச் சீட்டுகூட இல்லை, பயந்து விட்டுட்டேன். புதுச் சட்டத்துல, கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். இருந்தாலும் தம்பி வேலைக்குச் சேர்ந்தப்போ, சம்பளம் பேங்க்லதான் போடணும்னு முதல் நாளே நான் கூடப் போய்க் கேட்டேன். மாசம் ஏழாம் தேதிக்குள்ள அவன் போனுக்கு மெசேஜ் வந்துடுது.