சியை விட்டு ஓடினேன், அது பைத்தானில் வந்து நின்றது

முதல் புரோகிராமிங் மொழியைப் பிடித்த கதையை மூன்று பேர் சொல்கிறார்கள்.

ஆறு மாதம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த மொழியில் ஆரம்பிக்கலாம் என்று வீடியோ பார்த்தே காலம் போனது. ‘சி தெரியாதவன் புரோகிராமரே இல்லை’ என்பார் ஒருவர், ‘இந்தக் காலத்தில் போய் சியா?’ என்பார் அடுத்தவர். டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய மொழி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இன்றைக்கும் பெரும்பாலும் அதில்தான் என்று படித்ததும் ஒரு மரியாதை வந்துவிட்டது. சரி, சியே ஆகட்டும் என்று உட்கார்ந்தேன்.

இரண்டாவது வாரமே அடி. ஓர் எண்ணை வாங்கி இரட்டிப்பாக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தட்டும் எண்ணை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன்எஃப் கட்டளையை எழுதும்போது, எண்ணைப் போட்டு வைக்கும் மாறியின் பெயருக்கு முன்னால் & போட மறந்துவிட்டேன். ஏதோ வார்னிங் வந்தது, அதையெல்லாம் யார் படித்தார்கள்! ஓடவிட்டு, எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’, அதாவது தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டாய் என்று புரோகிராம் நின்றுவிட்டது. எந்த வரியில் தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. மாலை முழுக்க, ஒரு பாவமும் அறியாத அந்தப் பெருக்கல் வரியையே மாற்றி மாற்றி எழுதினேன். & என்றால் நினைவகத்தில் மாறி இருக்கும் இடத்தின் முகவரி என்று பிறகு தெரிந்தது. இப்படி முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தேன், மூடினேன், பைத்தான் என்ற இன்னொரு மொழிக்கு ஓடிவிட்டேன்.

அங்கேயும் முதல் நாள் சகுனம் சரியில்லை. கையில் இருந்த பழைய புத்தகத்தில், திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறியே இல்லை. அப்படியே அடித்தால் சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை. அது பைத்தான் 2 புத்தகம். 2008-இல் வந்த பைத்தான் 3 அடைப்புக்குறி கேட்கும். பழையதற்கு 2020-இலேயே ஆதரவை நிறுத்திவிட்டார்கள், அதனால் புத்தகம் வாங்கும்முன் பதிப்பைப் பாருங்கள்.

மற்றபடி சுகம்தான். மூன்றாம் மாதம் செலவுக் கணக்குக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அசல் பட்டியல் கெட்டுவிடக்கூடாதே என்று ‘நகல் = செலவு’ என்று ஒரு வரி. (பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அந்த ஆசை எனக்கு.) நகலில் இரண்டு உருப்படியை நீக்கினேன். பார்த்தால் அசலிலும் காணோம்! நான் நகலே எடுக்கவில்லை, ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம், நடுவே ஓர் அம்புக்குறி. மூடி வைத்த அத்தியாயத்தில் இருந்த அதே படம். அன்று ராத்திரி சி புத்தகத்தை மறுபடி எடுத்தேன், இந்த முறை புரிந்தது. நேரே சியிலேயே இருந்திருந்தால் புரிந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

*

எனக்கு மொழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சோம்பேறித்தனம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரைத் திறந்து எஃப்12 அழுத்தினால் புரோகிராம் எழுதிப் பார்க்கும் இடம் வந்துவிடும் என்றார்கள், வெப் பேஜை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வந்தேன். இரண்டு பெட்டியில் 5, 3 என்று போட்டுக் கூட்டினால் 53 வந்தது. கழித்துப் பார்த்தேன், 2 என்று ஒழுங்காக வந்தது! அதில்தான் தலை சுற்றியது. பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்து. + என்றால் இரண்டையும் ஒட்டிவிடும், - என்றால் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். பிரெண்டன் ஐக் 1995-இல் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் என்று அப்புறம் படித்தபோது, ‘அதான் விஷயமா’ என்று கொஞ்சம் ஆறுதல். எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் பைத்தான் முடியாது என்று நின்றுவிடும், இது சிரித்துக்கொண்டே தப்பான விடை தரும். ஆனால் முதல் நாளே திரையில் ஒரு பொத்தான் வேலை செய்ததே, அந்தச் சந்தோஷம் இல்லையென்றால் நான் இரண்டாம் நாள் வந்திருக்க மாட்டேன்.

*

நான் இதைவிட மோசம். வெப் பேஜ் செய்ய வேண்டும் என்று ஜாவா புத்தகம் வாங்கினேன். ஜாவாஸ்கிரிப்ட் என்பதன் சுருக்கம்தான் ஜாவா என்று நினைப்பு! இரண்டும் வெவ்வேறு மொழி என்று தெரியவே இரண்டு மாதம் ஆனது, அதற்குள் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று ஜாவாவின் அடிப்படை எல்லாம் பழகிவிட்டது. இப்போது வேலையே ஜாவாவில்தான். அந்த வெப் பேஜைத்தான் இன்னும் செய்யவில்லை.