கன்டெலேவுக்குக் குதிரை வைக்கலாமா?

மரங்கொத்தி:
கன்டெலே என்ற பின்லாந்து மீட்டு வாத்தியத்தின் ஐந்து தந்தி வகையில் தந்தியை ஓரத்து இரும்புத் தண்டில் (வர்ராஸ்) முடிந்து கட்டுவது "பழங்காலச் சோம்பல்", அதை எடுத்துவிட்டுக் குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை) வைத்தால்தான் பின்லாந்தின் நாட்டார் இசை பிழைக்கும் என்று பனிக்கரடி நேற்று அருளியிருக்கிறார். ஐயா, தந்தி தண்டைச் சுற்றி வந்து தன்மேலேயே முறுக்கிக்கொள்கிறது. முடிச்சு தண்டைவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பதால், மேலும் கீழும் அதிரும்போது ஒரு நீளம், பக்கவாட்டில் அதிரும்போது இன்னொரு நீளம். மயிரிழை வித்தியாசம்தான். அந்த இரண்டும் உரசித்தான் ஒலி அலையலையாக ஏறி இறங்குகிறது. குதிரை வைத்தால் நீளம் ஒன்றாகிவிடும், அலை போய்விடும். தம்புராவில் ரீங்காரம் தரும் ஜீவா நூலை உருவிவிட்டு "இப்போது சுத்தமாக இருக்கிறது" என்பீர்களா?

பனிக்கரடி:
அலை இருக்கட்டும், சுருதி? குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வகுப்பறையில் காற்று காய்ந்து, மரப் பிருடை (தந்தியை முறுக்கும் திருகாணி) சுருங்கி வழுக்கும். இருபது பிள்ளைகள் என்றால் நூறு தந்தி. சுருதி கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 1920களில் பவுல் சால்மினென் கச்சேரிக் கன்டெலேவில் சுருதி மாற்றும் நெம்புகோல் பொருத்தினாரே, அது மட்டும் பாவமில்லையா?

மரங்கொத்தி:
வழுக்குவது பிருடை. நீங்கள் மாற்றச் சொல்வது தந்தியின் மறுமுனை. முள் குத்தியது காலில், கட்டுப் போடுவது கையிலா? பிருடையில் சாக்பீஸ் தேய்த்து, உள்ளே அழுத்தியபடி திருகுங்கள். முடியாவிட்டால் இரும்புப் பிருடை போடுங்கள். முடிச்சில் முறுக்கு போதாவிட்டாலும் சுருதி இறங்கிக்கொண்டே போகும், அது கட்டியவர் குற்றம். சால்மினெனுடையது முப்பதுக்கு மேல் தந்தி உள்ள வேறு கருவி.

தேன்சிட்டு:
முதலில் "பாரம்பரியம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? பழைய ரூனோப் பாடல் (பின்லாந்தின் தொன்மையான நாட்டார் பாட்டு) காலமா, அதற்குப் பின் வந்த பெலிமன்னி (ஊர்ப்புற ஆட்ட இசைக்காரர்) பிடில் காலமா?

பனிக்கரடி:
அதெல்லாம் அப்புறம். குதிரை வைத்தால் சத்தம் கூடுமா, கூடாதா?

மரங்கொத்தி:
சத்தம் வேண்டுமென்றால் மைக் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் வாசிக்கும் முறையிலேயே பாதி ஒலி செத்துவிடுகிறது. டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ என்று கூட்டி, டி கார்டுக்கு இரண்டாம், நான்காம் தந்தியை விரலால் மூடிவிட்டு மறு கையால் வருடுகிறார்கள். பழைய முறையில் இரு கை விரல்களும் கோத்து நிற்கும், தந்திக்கு ஒரு விரல். எதையும் மூடுவதில்லை, ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்தது சேரும். முடிச்சின் அலை அங்கேதான் கேட்கும்.

பனிக்கரடி:
அந்த வருடலால்தான் 1980களில் கன்டெலே பள்ளிக்கூடத்துக்குள் போனது. இல்லாவிட்டால் மியூசியக் கண்ணாடிக்குள் அலையடித்துக்கொண்டிருக்கும். பரிசுத்தம் பேசுகிறவர் மூன்றாம் தந்தியை எங்கே நிறுத்துவார்? எஃப் ஷார்ப்பில் வைத்து மேஜரா, எஃபில் இறக்கி மைனரா?

மரங்கொத்தி:
நாட்டார் இசை ஆய்வாளர் வைஸானென் 1928இல் வெளியிட்ட கன்டெலே மெட்டுத் தொகுப்பைப் புரட்டுங்கள். பழைய வாசிப்பாளர்களிடம் மேஜரும் உண்டு, மைனரும் உண்டு, நடுவில் நிறுத்தியவர்களும் உண்டு. அது வாசிப்பவர் காது. முடிச்சு கருவியின் உடம்பு.

ஜென்க்கா:
2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது பின்லாந்தின் கௌஸ்டினென் ஊர்ப் பிடில் வாசிப்பு. அந்த ஊர் விழா 1968இலிருந்து நடக்கிறது. ஆடுகிறவர்களைப் பற்றி இங்கே ஒரு வரி உண்டா? ஜென்க்கா என்ற பின்லாந்து ஆட்டத்தில் மூன்று எட்டு, நாலாவதில் துள்ளல். வாசிப்பவர் நாலாவது தட்டை விழுங்கினால் துள்ள இடமில்லாமல் வரிசையே தடுமாறும். குதிரை இருந்தால் என்ன, கழுதை இருந்தால் என்ன?

மரங்கொத்தி:
ஆட்டத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே முடிச்சு.

பனிக்கரடி:
கேள்வி அப்படியே நிற்கிறது: சத்தம் கூடுமா, கூடாதா?

மரங்கொத்தி:
வில்லால் வாசிக்கும் யோஹிக்கோ என்ற பின்லாந்து வாத்தியத்தின் தந்தியை விரல்நுனியால் மேலிருந்து அமுக்கலாம் என்று போன மாதம் சொன்னவர்தானே நீங்கள்? அதில் அமுக்கப் பலகையே கிடையாது. விரலின் பின்புறத்தால் பக்கவாட்டில் தொட வேண்டும்.

பனிக்கரடி:
பேச்சை மாற்றாதீர்கள். கூடுமா, கூடாதா?