கிராம் பார்சன்ஸ்: பாட்டுக்குக் கிடைத்த பெயரா, சாவுக்குக் கிடைத்த பெயரா?

மலையமான்:
எழுபதுகளின் அமெரிக்க ராக் பற்றிப் பேச்செடுத்தாலே "கன்ட்ரி-ராக்கின் தந்தை கிராம் பார்சன்ஸ்" என்று யாராவது வந்து சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்கக் கிராமப்புற கன்ட்ரி இசையை ராக்கோடு கலந்து கொடுத்த பாடகர் இவர்தான் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாழ்ந்தது 26 வயது வரை. சொந்தப் பெயரில் 'ஜிபி', 'கிரீவஸ் ஏஞ்சல்' என்று இரண்டே ஆல்பம். முதலாவது பில்போர்டு பட்டியலிலேயே ஏறவில்லை. இரண்டாவது 1974 ஜனவரியில் வந்தபோது ஆள் இல்லை, அது 195-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் புகழ்? 1973 செப்டம்பர் 19 அன்று ஜோஷுவா ட்ரீ மோட்டல் அறையில் மார்ஃபினும் மதுவும் சேர்ந்து உயிரைக் குடித்தன. ரோடு மேனேஜர் ஃபில் காஃப்மன் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கடத்திப் போய், பாலைவனத்தில் கேப் ராக் பாறைப் பக்கம் கொளுத்தினார். இந்தக் கதையைச் சொல்லாத ஒரு கட்டுரை காட்டுங்கள்.

அதே வருஷம் ஜூலையில் கிட்டார் கலைஞர் க்ளாரன்ஸ் வைட்டும் இறந்தார். கச்சேரி முடிந்து வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர் மேல் குடிபோதையில் ஒருத்தர் காரை ஏற்றிவிட்டார். சாதாரண கிட்டாரில் ஸ்டீல் கிட்டார் மாதிரி கம்பியை இழுத்து வாசிக்கும் கருவியை ஜீன் பார்சன்ஸோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர் (இந்த பார்சன்ஸுக்கும் கிராமுக்கும் உறவில்லை). அது இன்றைக்கும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஒலிக்கிறது. அவரை யார் தந்தை என்கிறார்கள்?

சாரல்:
க்ளாரன்ஸ் வைட்டுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது முழுக்கச் சரி. அதற்காக கிராமின் பெயரைப் பறிக்க வேண்டியதில்லையே.

எரித்த கதையை ஒதுக்கி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். கிராம் சேர்ந்து பாடிய பேர்ட்ஸ் ராக் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' ஆல்பம் 1968 ஆகஸ்டில் வந்தது. கிராம் அதற்கு முன் லீ ஹேஸல்வுட்டின் இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம் போட்டிருந்ததால் வழக்கு வரும் என்று பயந்து, அவர் பாடிய சில பாடல்களை குழுத் தலைவர் ரோஜர் மெக்வின் திரும்பப் பாடினார். கிராமின் குரல் 1990-ல் வந்த பெட்டித் தொகுப்பில்தான் வெளியே வந்தது. 'தி கிறிஸ்டியன் லைஃப்' பாடலின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மெக்வின் தென்மாநில உச்சரிப்பை வலிந்து இழுக்கிறார், வேஷம் தெரிகிறது. கிராம் நேராகப் பாடுகிறார், அந்த வரிகளை நம்புகிறவர் மாதிரி. நீளமான முடியோடு வந்த ஒரு பையன் நாட்டுப்புற வெள்ளைக்காரர்களின் பக்திப் பாட்டைக் கிண்டல் இல்லாமல் பாடியது 1968-ல் எவ்வளவு பெரிய விஷயம்!

பழையதட்டு:
நடுவில் புகுந்ததற்கு இருவரும் மன்னிக்கணும். நீங்கள் ரெண்டு பேருமே பேர்ட்ஸில் இருந்த கிறிஸ் ஹில்மனை விட்டுவிட்டீர்கள். மாண்டலின் பிடித்து ப்ளூகிராஸ் என்ற கன்ட்ரி வகையை வாசித்து வளர்ந்தவர். 1967-லேயே, கிராம் பேர்ட்ஸுக்கு வரும் முன்பே, 'டைம் பிட்வீன்' என்று கன்ட்ரி மணக்கும் பாட்டைப் பேர்ட்ஸ் ஆல்பத்தில் போட்டுவிட்டார். அதில் கிட்டார் யார்? மலையமான் சொன்ன அதே க்ளாரன்ஸ் வைட். 'சின் சிட்டி' கிராமும் ஹில்மனும் சேர்ந்து எழுதியது. ஒத்திகைக்கு ஒழுங்காக வராத கிராமை, இருவரும் சேர்ந்து தொடங்கிய ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவிலிருந்து 1970-ல் வெளியேற்ற வேண்டிய நிலையும் ஹில்மனுக்கு வந்தது. குடும்பத்து ஆரஞ்சுத் தோட்டப் பணம் கைக்கு வந்துகொண்டிருந்தால் வேலையில் யாருக்குக் கவனம் இருக்கும்?

மலையமான்:
இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன், அண்ணே. 'கிரீவஸ் ஏஞ்சல்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ப்ராஸ் பட்டன்ஸ்' ஹார்வர்டு நாட்களில் எழுதியது. 'ஊ லாஸ் வேகாஸ்' முந்தைய ஆல்பத்துக்கு எடுத்து மிஞ்சிப்போனது. 'ஹிக்கரி விண்ட்' ஏற்கெனவே பேர்ட்ஸில் வந்துவிட்டது, அதைத் திரும்பப் பாடி, ஸ்டுடியோவில் கைதட்டலும் கூச்சலும் சேர்த்து, வடக்கு கியூபெக்கில் நேரடியாகப் பதிவானது என்று போட்டிருக்கிறார்கள். கையில் புதுப் பாட்டு தீர்ந்துபோன ஆளின் ஆல்பம் இது.

சாரல்:
பழைய பாட்டாக இருந்தால் என்ன? 'லவ் ஹர்ட்ஸ்' அவர் எழுதியதுகூட இல்லை, பூட்லோ ப்ரையன்ட் எழுதி எவர்லி பிரதர்ஸ் 1960-லேயே பாடியது. ஆனால் கிராமும் பாடகி எமிலூ ஹாரிஸும் இந்த ஆல்பத்தில் பாடியதைக் கேட்ட பிறகு மற்றது ஞாபகத்துக்கு வருவதில்லை. கிராமின் குரல் கொஞ்சம் தளர்ந்து, சுருதியின் விளிம்பில் தடுமாறும். எமிலூ மேல் ஸ்தாயியில் அவர் மூச்சு விடும் இடத்திலேயே மூச்சு விட்டு, அவர் இழுக்கும் இடத்திலேயே இழுத்துக் கூடவே போகிறார். பின்னால் எல்விஸின் ஆட்கள்: கிட்டாரில் ஜேம்ஸ் பர்ட்டன், பியானோவில் க்ளென் டி. ஹார்டின், ட்ரம்ஸில் ரானி டட். யாரும் முந்திக்கொண்டு வரவில்லை.

புகழ் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, கேப் ராக்கிலிருந்து வரவில்லை. எமிலூவிடமிருந்து வந்தது. வாஷிங்டன் கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தவரை கிராமிடம் சொன்னதே ஹில்மன்தான். கிராம் போன பிறகு பர்ட்டனையும் ஹார்டினையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு, 1975-ல் 'எலீட் ஹோட்டல்' ஆல்பத்தில் 'வீல்ஸ்', 'சின் சிட்டி', 'ஊ லாஸ் வேகாஸ்' மூன்றையும் பாடினார். அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம். கிராம் உயிரோடு இருந்தவரை கன்ட்ரி ரேடியோ சீண்டாத பாடல்கள் அவை! அடுத்த ஆல்பத்துக்கு 'லக்சுரி லைனர்' என்று கிராம் பாட்டின் பெயரையே வைத்தார். ஒரு பிணத்தை எரித்த கதை இதைச் செய்யுமா? ஊர் ஊராகப் போய் அந்தப் பாடல்களைப் பாடியது ஒரு பெண்.

பழையதட்டு:
இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாரல், உங்கள் வாதப்படி பார்த்தால் புகழில் பாதி எமிலூவுக்குப் போகணுமே?

மலையமான்:
பாதி என்ன, அதற்கு மேலேயே போகணும். 'கிரீவஸ் ஏஞ்சல்' அட்டையில் அவர் படமும் வருவதாக இருந்து, கிராம் இறந்த பின் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அட்டையில் கிராம் மட்டும்தான். தந்தை பட்டத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஹில்மன், வைட், எமிலூ மூவரையும் மறைத்துத்தான் அந்தப் பட்டம் நிற்கிறது.

சாரல்:
பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வேண்டாம். 'ஹாட் புரிட்டோ நம்பர் 1' மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். புரிட்டோ பிரதர்ஸின் 1969 'கில்டட் பேலஸ் ஆஃப் சின்' ஆல்பத்தில் இருக்கிறது, அதே குழுவின் கிறிஸ் எத்ரிட்ஜோடு சேர்ந்து எழுதியது. இதில் எமிலூ இல்லை, பிணம் இல்லை, பாலைவனம் இல்லை. அந்தப் பாட்டைப் பாட வேறு யாரால் முடிந்திருக்கும் என்று சொல்லுங்கள்.