பனிமலை ஊரில் ஐந்து மாத வேலை: போகலாமா, வேண்டாமா?

வெண்பனி:
படிப்பு முடிந்துவிட்டது. ஒரு பனிச்சறுக்கு ஊரில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை லிஃப்ட் ஆபரேட்டர் வேலைக்கு, அதாவது சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, அழைப்பு வந்திருக்கிறது. வெளிநாட்டில் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் வொர்க்கிங் ஹாலிடே விசா கையில் இருக்கிறது. மணிக்கணக்குச் சம்பளம், சீசன் பாஸ் இலவசம், நான்கு பேர் தங்கும் ஊழியர் அறையில் ஒரு கட்டில். அறை வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்களாம். எனக்கு ஸ்கீ தெரியாது. நிரந்தர வேலை தேடுகிற நேரத்தில் இது எதற்கு என்கிறார்கள் வீட்டில். போய் வந்தவர்களும் சொல்லுங்கள், போகாதே என்பவர்களும் சொல்லுங்கள்.

மேட்டுவழி:
போங்கள். நான் இரண்டு சீசன் லிஃப்டில் நின்றவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு, விடியும் முன்பே மேலே போவோம். இரவில் விழுந்த பனி ஏறுமிடத்தை மூடிக் கிடக்கும். அதை அள்ளி, தளத்தைச் சமன்செய்து, நாற்காலிக்கும் பனிக்கும் நடுவே உள்ள உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். தளம் தாழ்ந்துவிட்டால் குழந்தைகளால் ஏறி உட்கார முடியாது. மேடேறிவிட்டால் பெரியவர்களின் காலில் நாற்காலி இடிக்கும். நாள் முழுக்க ஸ்கீக்கள் உரசி உரசித் தளம் தேயும். நாமும் நாள் முழுக்க அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம். சின்னக் குழந்தை வந்தால் லிஃப்டின் வேகத்தைக் குறைத்து, தூக்கி உட்கார வைப்போம். முதல் வாரம் நிறுத்தும் பொத்தானிலேயே என் கை இருந்தது. இரண்டு மாதம் போனதும், வரிசையில் நிற்கும்போதே யார் தடுமாறுவார் என்று கண்டுபிடித்துவிடுவேன். ஒரு வேலை நம் உடம்புக்குள் இறங்குவதை நான் அங்கேதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

ஸ்கீ தெரியாதது ஒரு பொருட்டே இல்லை. நானும் தெரியாமல்தான் போனேன். கூட வேலை பார்த்தவர்களே விடுப்பு நாட்களில் கற்றுக்கொடுத்தார்கள்.

கூட்டல்கழித்தல்:
மேட்டுவழி சொன்னது பனி பெய்த நாளின் கதை. பெய்யாத நாளையும் பேச வேண்டாமா?

இந்த வேலையில் மணிக்கு எவ்வளவு என்பதைவிட வாரத்துக்கு எத்தனை மணி என்பதுதான் முக்கியம். டிசம்பர் தொடக்கத்தில் மலையின் ஒரு பகுதிதான் திறந்திருக்கும். செயற்கைப் பனி போடலாம் என்றால், காற்றின் ஈரத்தையும் கணக்கில் சேர்க்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பனி தூவும் பீரங்கிகள் சும்மாதான் நிற்கும். பலத்த காற்று அடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாடகை மட்டும் நிற்காது. என் தங்கை போன இடத்தில் முதல் மூன்று வாரமும் வாரத்துக்கு இரண்டு ஷிஃப்ட்தான் கிடைத்தது. வாடகை பிடித்தது போக முதல் சம்பளச் சீட்டில் மிஞ்சியது குளிர் பூட்ஸ் வாங்கக்கூடப் போதவில்லை. விமான டிக்கெட்டுக்கு வாங்கிய கடனைத் திரும்பி வந்த பிறகுதான் அடைத்தாள்.

மேட்டுவழி:
உங்கள் தங்கைக்கு நேர்ந்தது வருத்தமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரை மட்டும் வைத்து முழு சீசனையும் எடை போடாதீர்கள். கிறிஸ்துமஸ் தொடங்கிவிட்டால் ஆள் போதாமல் ஆறாவது நாளும் கூப்பிடுவார்கள். முதல் மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போனால் போதும்.

இன்னொன்று. இந்த ஊர்களில் வேலை செய்கிறவர்கள் பேச்சற்றவர்கள் இல்லை. அமெரிக்காவின் பார்க் சிட்டியில் சுமார் 200 மீட்புப் பணியாளர்கள், தொடக்கச் சம்பளத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக்கக் கேட்டு 2024 டிசம்பர் 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். விடுமுறைக் கூட்டம் நிரம்பிய நேரத்தில் மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்குள் ஒப்பந்தம் ஆனது, சம்பளமும் உயர்ந்தது.

கூட்டல்கழித்தல்:
அவர்கள் ஆண்டுதோறும் அதே மலைக்குத் திரும்பி வருகிறவர்கள். பனிச்சரிவைக் கட்டுப்படுத்தவும் அடிபட்டவரை இறக்கிக் கொண்டுவரவும் பயிற்சி பெற்றவர்கள். சங்கம் வைத்திருந்தார்கள். முதல் முறை லிஃப்டில் நிற்கப் போகிற, ஏப்ரலில் ஊர் திரும்பப் போகிற ஒருவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்? அவர்கள் வெற்றியைக் காட்டி இவருக்குத் தைரியம் சொல்லாதீர்கள்.

மேட்டுவழி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த உதாரணம் இவருக்குப் பொருந்தாது.

நாலாம்மாடி:
நீங்கள் இருவரும் லிஃப்டையும் சம்பளத்தையுமே பேசுகிறீர்கள். நான் அப்படியொரு ஊரில் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு சீசன் இருந்தேன். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது வீடுதான்.

வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கிறது. அதனால் ஊழியர்களுக்கு வீடு கிடைப்பதில்லை. கனடாவின் விஸ்லரில் இதற்காகவே 1997இல் ஒரு வீட்டுவசதி அமைப்பை உண்டாக்கினார்கள். ஊழியர்களில் 75 சதவீதம் பேராவது ஊருக்குள்ளேயே வசிக்க வேண்டும் என்பது அங்கே குறிக்கோள். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் 2021இல் நாள் வாடகை உரிமங்களுக்கே உச்சவரம்பு போட்டார்கள். ஊர் நிர்வாகமே இவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்றால், பெட்டியோடு வந்து இறங்குகிற ஒரு ஆள் என்ன செய்ய முடியும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சூப்பர்வைசர் ஒருவர் அறைக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். முடிக்க முடியாத அறைகளை ஷிஃப்ட் முடிந்த பிறகு சம்பளமில்லாமல் முடிக்கச் சொன்னார். எதிர்த்துப் பேச எனக்கு வாய் இருந்தது. விசாவும் உங்களுடையது போலத்தான், வேறு இடத்தில் சேரத் தடை கிடையாது. எதிரிலேயே இன்னொரு ஹோட்டலில் ஆள் தேவை என்று பலகை தொங்கியது. ஆனால் என் கட்டில் இந்த ஹோட்டலின் கட்டில். வேலையை விட்டால் ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நடு ஜனவரி, வெளியே மைனஸ் 18. ஊரில் ஒரு அறைகூடக் காலி இல்லை. பேசாமல் அறைகளைச் சுத்தம் செய்தேன். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

அதனால் வெண்பனி, போகலாமா என்று எங்களைக் கேட்பதற்கு முன் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: வேலையை விட்டால் எத்தனை நாளில் அறையை விட வேண்டும்? லிஃப்ட் ஓடாத வாரத்திலும் முழு வாடகையா? டெபாசிட் எப்போது திரும்ப வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கூட்டல்கழித்தல்:
இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். விசா வகையையும் பார்க்க வேண்டும். தற்காலிக வேலைக்கான அமெரிக்காவின் எச்-2பி விசாவில் போகிறவரை முதலாளி நினைத்தபடி சும்மா உட்கார வைக்க முடியாது; ஒப்பந்தத்தில் சொன்ன மணிநேரத்தில் நான்கில் மூன்று பங்காவது தந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அவர் அந்த ஒரு முதலாளியோடு கட்டுண்டவர். வொர்க்கிங் ஹாலிடேயில் இடம் மாறலாம், ஆனால் மணிநேரத்துக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. அந்தச் சுதந்திரத்தையும் இந்தக் கட்டில் பறித்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

மேட்டுவழி:
மிஞ்சுவதையும் சொல்கிறேன். இரவுப் பனி நின்று, வானம் வெளுக்கும் நேரத்தில் யாரும் மிதிக்காத மலை முழுவதும் நமக்கு முன்னால் கிடக்கும். எந்த அலுவலகத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை. நாலாம்மாடி சொன்ன கேள்விகளை அவசியம் கேளுங்கள், நான் கேட்காமல் போயும் அதிர்ஷ்டத்தில் தப்பினேன். ஆனால் பதில் சரியாக இருந்தால் தயங்காதீர்கள். அப்புறம், சன்ஸ்கிரீனை மறக்காதீர்கள். புதுப் பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். என் தாடைக்கு அடியில் தோல் உரிந்தது வெயிலால் என்று முதலில் நான் நம்பவே இல்லை.

வெண்பனி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்விகளையும் அனுப்பினேன். வேலையை விட்டால் 14 நாளில் காலி செய்ய வேண்டும். வாடகையில் குறைப்பு கிடையாது. டெபாசிட் சீசன் முடிந்து 30 நாளில் வருமாம். குறைந்தபட்ச மணிநேரம் பற்றிக் கேட்டதற்கு, தர முடியாது என்று நேராகவே எழுதிவிட்டார்கள்.

இரண்டு மாத வாடகையும் திரும்பும் டிக்கெட்டுக்கான பணமும் சேர்ந்த பிறகுதான் கிளம்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். நவம்பருக்குள் சேரவில்லை என்றால் இந்த வருடம் போகவில்லை. நாலாம்மாடி அக்கா, நீங்கள் கேட்கச் சொல்லியிருக்காவிட்டால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கூட்டல்கழித்தல்:
14 நாள் எனக்கு இன்னும் குறைவாகத்தான் படுகிறது. டெபாசிட் வரும்போது நீங்கள் அந்த நாட்டில் இருக்க மாட்டீர்கள். எந்தக் கணக்கில் போடுவார்கள் என்று கேட்டு வையுங்கள்.

நாலாம்மாடி:
ஆமாம், எனக்கு அப்படித்தான் பாதி வராமலே போனது. வங்கிக் கணக்கை மூடாமல் வாருங்கள். அறைக்குள் நுழைந்த அன்றே மெத்தை, சுவர், ஹீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.