ஐ-601ஏ வெய்வர் (ஓவர்ஸ்டே தடைக்கான விலக்கு) எப்போது போட வேண்டும்? என்விசி (நேஷனல் விசா சென்டர்) பில் வந்துவிட்டது

கேள்வி:
வணக்கம். மனைவிக்கு வேலை வழியாக 2022 ஜூனில் கிரீன் கார்டு கிடைத்தது. அதன் பிறகுதான் திருமணம். நான் பி-2 (சுற்றுலா) விசாவில் வந்தேன். ஐ-94 (தங்க அனுமதித்த காலம்) 2021 மார்ச்சில் முடிந்தது. அதற்குப் பின் அமெரிக்காவை விட்டு வெளியே போகவில்லை. மனைவி எனக்காகப் போட்ட ஐ-130 மனு அப்ரூவ் ஆகி, என்விசியிலிருந்து 120 டாலர், 325 டாலர் என்று இரண்டு பில் வந்திருக்கிறது. 120 கட்டிவிட்டேன். இன்டர்வியூ மும்பையில். வெய்வரை இப்போதே போடலாமா, இன்டர்வியூ முடிந்த பிறகா?

பதில் 1:
முதலில், டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதீர்கள். ஓவர்ஸ்டே ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டதால், நீங்கள் நாட்டை விட்டு வெளியேறும் நாளில் 10 வருடத் தடை விழும். ஐ-601ஏ அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு மட்டும். பயோமெட்ரிக்ஸையும் (கைரேகை, புகைப்படம்) இங்கேயே கொடுக்க வேண்டும். வெளியே போய்விட்டால் அந்த ஃபாரம் உங்களுக்கு இல்லை. மும்பையில் விசா மறுத்த பிறகு ஐ-601 (வெளியே இருந்து கேட்கும் வெய்வர்) போட்டு, முடிவு வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான்.

பலர் தவறுவது ஃபீஸில். 120 டாலர் அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட்டுக்கானது (மனைவி தரும் பண ஆதரவு உறுதி), அது வெய்வருக்குக் கணக்கில் வராது. 325 டாலர் இமிகிரன்ட் விசா ஃபீஸைக் கட்டி, ஆன்லைனில் அதன் நிலை ‘பெய்ட்’ என்று மாறிய பிறகு அந்த ரசீதை இணைத்துப் போடுங்கள். ‘இன் ப்ராசஸ்’ என்று இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் ஐ-601ஏ ஃபீஸ் 795 டாலர்.

வெய்வர் கிடைக்க, ‘எக்ஸ்ட்ரீம் ஹார்ட்ஷிப்’ (மிகக் கடுமையான கஷ்டம்) உங்கள் மனைவிக்கு என்று காட்ட வேண்டும். குழந்தை இருந்தால், அதன் கஷ்டம் நேரடியாகக் கணக்கில் சேராது. அது மனைவியை எப்படிப் பாதிக்கிறது என்று எழுதினால்தான் எடுபடும்.

பதில் 2:
ஃபீஸ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உங்களுக்கு வெய்வரே தேவைப்படாமல் போகலாம். மனைவிக்கு கிரீன் கார்டு கிடைத்து 2027 ஜூனில் ஐந்து வருடம் முடிகிறது. அதற்கு 90 நாள் முன்பே என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போடலாம். அவர் சிட்டிசன் ஆனதும் எஃப்2ஏ (கிரீன் கார்டுதாரரின் துணை) கேஸ் இமீடியட் ரிலேட்டிவ் (சிட்டிசனின் நெருங்கிய உறவு) ஆகிவிடும். நீங்கள் விசாவோடு முறையாக நுழைந்தவர் என்பதால், வேறு சிக்கல் இல்லையென்றால் ஓவர்ஸ்டே இருந்தாலும் இங்கிருந்தே ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போடலாம். பயணம் இல்லை, தடையும் விழாது. ஐ-130-ஐப் புதிதாகப் போட வேண்டியதில்லை, ஐ-797 அப்ரூவல் நோட்டீஸின் நகலே போதும்.

முறையாக நுழையாமல் எல்லை தாண்டி வந்தவருக்குப் பொதுவாக இந்த வழி கிடையாது. அவர்களுக்குத்தான் ஐ-601ஏ உயிர்நாடி.

கேட்டவர்:
பெரிய நிம்மதி. அதுவரை ஒரு பாதுகாப்புக்காக 601ஏ-வையும் போட்டு வைக்கலாமா?

பதில் 2:
போடலாம். ஆனால் அது நிலுவையில் இருப்பதால் வேலை அனுமதியோ ஸ்டேட்டஸோ வராது, நாடு கடத்தலுக்கும் தடையாகாது. முடிவு வரவும் நெடுங்காலம் ஆகும். மறுத்தால் அப்பீல் இல்லை, மறுபடி போடலாம்.

போடும் முன் இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். பழைய ரிமூவல் ஆர்டர் (நாடு கடத்தல் உத்தரவு) உண்டா? இருந்தால் முதலில் ஐ-212 (மறுபடி நுழைய அனுமதி கேட்கும் விண்ணப்பம்) அப்ரூவ் ஆக வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஐ-9 (வேலை செய்யும் தகுதி) ஃபாரத்தில் ‘சிட்டிசன்’ என்ற கட்டத்தில் டிக் செய்தீர்களா? அந்தப் பொய்க்கு கிரீன் கார்டு வழியில் வெய்வரே கிடையாது, ஐ-485-ஐயும் அது கவிழ்த்துவிடும். 601ஏ மன்னிப்பது ஓவர்ஸ்டேயை மட்டும். மும்பையில் ஆபீசர் வேறு காரணம் கண்டுபிடித்தால், கையிலிருக்கும் அப்ரூவல் தானாகவே ரத்தாகிவிடும்.

பதில் 1:
என்விசி கணக்கைத் தூங்கவிடாதீர்கள். ஒரு வருடத்துக்குள் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் கேஸை மூடும் வேலை தொடங்கிவிடும். போலீஸ் சர்டிஃபிகேட்டை இப்போதே வாங்க வேண்டாம், இரண்டு வருடத்தில் காலாவதியாகும்.

ஐ-94 பிரின்ட், பி-2 விசா பக்கம், நுழைவு முத்திரை மூன்றையும் இன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முறையாக நுழைந்தீர்கள் என்பதற்கு ஐ-485-இல் அதைத்தான் கேட்பார்கள்.