மறு: கார் விளக்குக்குள் நீர்: ‘கசிவு’ ஒன்றே போதுமா?

> மூடுபனி மாதிரி படிந்தாலும் சரி, தண்ணீர் தேங்கினாலும் சரி, ‘நீர்க்கசிவு’ என்றே வைத்துக்கொள்ளலாம். படிப்பவருக்குப் புரிந்தால் போதும்.

வணக்கம் ஐயா,

நம் கார் விளக்குக் கட்டுரையின் சொற்களைப் பற்றி நீங்கள் எழுதிய இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் வேலையே தப்பாகப் போகும். ‘கசிவு’ என்று கேட்டதும் மெக்கானிக் சிலிக்கான் டியூபை எடுத்துக் கண்ணில் பட்ட துளையை எல்லாம் அடைக்கிறார். அதில் விளக்கின் பின்பக்கம் காற்றுப் போக்குவரத்துக்காக வைத்த சிறு துளையும் மாட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம்தான் நிஜமாகவே தண்ணீர் ஏறுகிறது.

காரணம் இதுதான். விளக்கு எரிந்து உள்ளே 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால், காற்று சுமார் 18 விழுக்காடு விரியப் பார்க்கும். விரிந்த காற்று அந்தத் துளை வழியே வெளியேறும். திடீரென மழையில் நனைந்தாலோ, வாட்டர் சர்வீஸில் பீய்ச்சினாலோ, உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். துளை அடைபட்டிருந்தால் அந்தத் தள்ளலும் இழுப்பும் முழுவதும் கண்ணாடி ஓர சீல் மீதும் வயர் நுழையும் ரப்பர் மீதும் விழும். அங்கே நிற்கும் மழைநீர் அப்படியே உள்ளே போகும்.

ஆகவே என் முன்மொழிவு:

உள்வேர்ப்பு: உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிவது. பாடநூலில் ‘ஆவி சுருங்குதல்’ இருக்கிறது. ஆனால் அது நிகழ்வின் பெயர், கண்ணில் படும் குறியின் பெயர் அல்ல. ‘செம்பு வேர்த்திருக்கு’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதே வேர்ப்பு. விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் பெரும்பாலும் மறையும். எல்இடி விளக்கில் கண்ணாடிப் பக்கம் சூடு குறைவு என்பதால் மெதுவாகத்தான் போகும். அதைப் பழுது என்று முடிவுகட்டக் கூடாது.

நீர்ப்புகல்: வெளிநீர் உள்ளே வருவது. உருண்ட துளிகள், அடியில் தேங்கிய நீர், ரிஃப்ளெக்டரில் வெள்ளைத் திட்டு, சாக்கெட் பின்னில் பச்சைக் களிம்பு. இதற்குத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘கசிவு’ என்ற சொல் உள்ளிருந்து வெளியே ஒழுகுவதையே முதலில் நினைவூட்டுகிறது என்பதும் என் தயக்கம்.

மூச்சுத்துளை: மேலே சொன்ன துளை. நல்ல விளக்குகளில் இதன் மேல் காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும்.

> ‘காற்றுவாய்’ இன்னும் சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் ‘மூச்சு’ என்று பெயரிலேயே இருந்தால் அடைக்கப் போகிற கை ஒரு கணம் நிற்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

கார் கம்பெனி அல்லாத பிறர் செய்து விற்கும் விளக்குக்கு ‘பிற்சந்தை விளக்கு’ என்ற சொல் வேண்டாம். கடையில் ‘கம்பெனி லைட்’, ‘வெளி லைட்’ என்கிறார்கள். கட்டுரையிலும் ‘வெளி விளக்கு’ போதும்.

விளக்கக் குறிப்பில் இவற்றையும் சேர்க்க வேண்டுகிறேன். வெளி விளக்கில் நீர்ப்புகல் நடக்கும் ஒரு முக்கிய இடம் பின்மூடி, அதாவது பல்புக்குப் பின்னால் உள்ள மூடி. எல்இடி பல்பைக் குளிர்விக்கும் விசிறி உள்ளே அடங்காததால் மூடியை வெட்டிவிடுகிறார்கள், அல்லது கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். ஆழமான மூடி வாங்கி மாட்டுவதே சரி. சீல் விட்டிருந்தால் முதலில் முழுக்கக் காயவைத்து, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் பட்டை (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து மூட வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் கூடவே கூடாது. உலரும்போது அது விடும் அமிலம் செம்பையும் அலுமினியப் பூச்சையும் அரிக்கும். உறையில் ‘ஐபி67’ (தூசி, நீர் புகாமைக்கான தரக்குறி) என்று அச்சிட்டிருப்பது, நீரைப் பொறுத்தவரை ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கவைக்கும் சோதனையைத்தான் குறிக்கும். சூடான விளக்கில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவது வேறு சோதனை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வயரின் உறைக்குள், செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவே நீர் ஊர்ந்து விளக்குக்குள் வருகிறது. வெளியே எங்கும் ஈரம் தெரியாது. சீல் எல்லாம் நன்றாகவே இருக்கும். ‘நுண்புழையேற்றம்’ பொதுச்சொல்லாக இருக்கிறது, ஆனால் பட்டறையில் செல்லாது. ‘இழையூறல்’ என்று யோசித்தேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் யாராவது இதற்கு ஒரு பேர் சொல்லிக் கேட்டிருந்தால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.